கே.இ. 70: இடப் பின்சக்கரத்தின் ஆக்சல் ஷாஃப்ட்டை மாற்றியது

டொயோட்டா கொரோலா கே.இ. 70 போன்ற பழைய பின்சக்கர இயக்கக் கார்களில், பின்சக்கரம் வண்டியை விட்டுக் கழன்று ஓடிவிடாமல் பிடித்து வைத்திருப்பது ஒரு சிறிய இரும்பு வளையம். சக்கர நட்டுகள் சக்கரத்தை, அதைச் சுழற்றும் தண்டான ஆக்சல் ஷாஃப்ட்டின் முகத்தட்டோடு இணைக்கின்றன. ஆனால் அந்த ஷாஃப்ட்டே ஆக்சல் குழாயிலிருந்து வெளியே நழுவிவிடாமல் தடுப்பது, தண்டு உரசாமல் சுழல உதவும் பேரிங்குக்கு உட்புறமாக இறுக்கி ஏற்றப்பட்டிருக்கும் காலர் என்ற அந்த வளையம் மட்டும்தான். அதில் மறையும் கிடையாது, பூட்டுப் பின்னும் கிடையாது. ஷாஃப்ட்டின் விட்டத்தைவிடத் தன் துளை ஒரு மயிரிழை சிறியதாக இருப்பதால் உண்டாகும் பிடிதான் அதன் மொத்தப் பலம். இதை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. இந்த வேலையில் வீட்டிலேயே செய்யக்கூடியது எது, பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டியது எது, எந்தச் சாமானில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை அந்த வளையத்தைச் சுற்றியே இருக்கிறது.

இத்தகைய அமைப்பைச் செமி ஃபுளோட்டிங் ஆக்சல் என்கிறார்கள். இதில் ஷாஃப்ட் சக்கரத்தைச் சுழற்றுவதோடு வண்டியின் எடையையும் சுமக்கிறது; வளைவில் திரும்பும்போது சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும் விசையும் அதன் வழியாகவே பேரிங்குக்குப் போய்ச் சேர்கிறது. கேமரன் மலையில் காய்கறி ஏற்றி ஓடும் பழைய லேண்ட் ரோவர்களில் சங்கதி வேறு. அங்கே வண்டியின் எடையை ஆக்சல் குழாயின் முனையில் உள்ள ஹப் பேரிங்குகள் தாங்கிக்கொள்வதால் ஷாஃப்ட்டுக்குச் சுழற்றும் வேலை மட்டுமே உண்டு. அது முறிந்தாலும் சக்கரத்தைக் கழற்றாமலேயே ஷாஃப்ட்டை உருவி எடுத்துவிடலாம். கொரோலாவில் ஷாஃப்ட் முகத்தட்டின் அருகே முறிந்தாலோ, காலர் பிடி தளர்ந்து நழுவினாலோ, சக்கரமும் பிரேக் டிரம்மும் சேர்ந்தே வெளியே வந்துவிடும்.

கே.இ. 70 என்பது 1979-இல் ஜப்பானில் வெளிவந்த நான்காம் தலைமுறைக் கொரோலா. என்னுடையதில் 1290 சி.சி. கொள்ளளவுள்ள 4கே எஞ்சினும், சுருள்வில்களோடு கூடிய ஒற்றைக் குழாய்ப் பின் ஆக்சலும், பின்புறம் டிரம் பிரேக்கும் இருக்கின்றன. 1983-இல் வந்த அடுத்த தலைமுறைக் கொரோலா செடான் முன்சக்கர இயக்கத்துக்கு மாறிவிட்டது. 1985 ஜூலையில் மலேசியாவில் வந்த முதல் புரோட்டோன் சாகாவும் முன்சக்கர இயக்கம்தான். 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சிலும் அப்படியே. ஆகவே சாகாவிலும் கஞ்சிலிலும் தொழில் பழகிய மெக்கானிக்குகள் பலருக்கு, பின் ஆக்சலைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு வேன்களிலும் ஹைலக்ஸிலும்தான் கிடைத்திருக்கும். ஒன்று மட்டும் ஆறுதல்: டொயோட்டா அவான்சாவின் முதல் இரண்டு தலைமுறைகளும் பின்சக்கர இயக்கம் கொண்டவை. அந்த ஆக்சலில் கைவைத்துப் பழகியவருக்கு கே.இ. 70 அந்நியமாகத் தோன்றாது. உங்களுக்கு யோசனை கேட்க ஆள் தேவைப்பட்டால், பழைய காருக்கென்று பெயர் போன பட்டறையைத் தேடுவதைவிட அவான்சா டாக்சிகளைப் பார்த்துப் பழகிய பட்டறையைத் தேடுவது நல்லது என்பது என் எண்ணம்.

என் காரில் முதலில் கேட்டது ஒரு ரீங்காரம். நகருக்குள் ஓட்டும்போது அது மற்றச் சத்தங்களோடு கலந்துவிடும். பினாங்குப் பாலத்தில் ஏறினால் தனியாகப் பிரிந்து கேட்கும். 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தில் ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்ட முடிவதால், பின்புறத்துச் சத்தத்தை ஆராய்வதற்கு அதைவிட வாகான இடம் இந்தத் தீவில் எனக்குத் தெரிந்து இல்லை. பின்புறத்திலிருந்து வரும் இத்தகைய சத்தத்துக்கு மூன்று மூலங்கள் இருக்கலாம். டயரின் சத்தம் சாலைப் பரப்பு மாறும்போது மாறும். புதிய தார் போட்ட இடத்தில் அடங்கி, சொரசொரப்பான இடத்தில் எழும். இரு பின்சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதியான டிஃபரன்சியலின் சத்தம் கால் அழுத்தத்துக்கு ஏற்ப மாறும். ஆக்சிலரேட்டரை மிதித்து எண்ணெய் கொடுக்கும்போது ஒரு குரலும், காலை எடுத்ததும் வேறொரு குரலுமாக இருக்கும். பேரிங்கின் சத்தமோ எண்ணெய் கொடுத்தாலும் விட்டாலும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினாலும் பொருட்படுத்தாமல், வண்டியின் வேகத்தை மட்டுமே பின்தொடரும். அதோடு, வளைவில் எடை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்துப் பேரிங் பெரும்பாலும் உரக்கக் கத்தும். பாலிக் பூலாவுக்குப் போகும் மலைச்சாலையில் வலப்பக்கம் ஒடித்துத் திரும்பும்போதெல்லாம் சத்தம் ஏறியதால், கோளாறு இடப்பக்கத்தில் என்பது ஏறத்தாழ உறுதியாயிற்று.

ஏறத்தாழ என்றுதான் சொல்ல வேண்டும். காரின் உடல் சத்தத்தைத் தன் போக்கில் கடத்தும், காது ஏமாறும். பின்புறத்தைத் தூக்கி நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு கையால் சக்கரத்தை மெதுவாகச் சுழற்றிக்கொண்டு மறு கையால் அந்தப் பக்கத்துச் சுருள்வில்லைப் பற்றிப் பாருங்கள். நல்ல பேரிங்காக இருந்தால் வில்லில் ஒன்றும் தெரியாது. கெட்ட பேரிங்காக இருந்தால் மணலை அரைப்பது போன்ற அதிர்வு விரல்களுக்கு நேரடியாக வந்துசேரும். பட்டறைகளில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்ப்பார்கள். வில்லைப் பிடித்துப் பார்ப்பதற்குக் காசு வேண்டியதில்லை. அடுத்து, சக்கரத்தை மேலும் கீழுமாகவும், உள்ளும் வெளியுமாகவும் ஆட்டிப் பார்க்க வேண்டும். என் காரில் வலப்பக்கச் சக்கரம் கல்லாக நின்றது. இடப்பக்கம் ஆட்டியபோது டிரம்முக்குள்ளிருந்து மெல்லிய தட்டல் கேட்டது.

அதே நேரத்தில் இடப்பக்க டயரின் உட்புறச் சுவரில் ஈரக்கோடு ஒன்று தெரிந்தது. டிரம்முக்குள்ளிருந்து கசிவது பிரேக் எண்ணெயா கியர் எண்ணெயா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் வைத்தியம் வேறு. பிரேக் எண்ணெய் தண்ணீரோடு கலந்துவிடும், பெயின்ட்டைத் தின்றுவிடும், விரலில் மெலிதாக இருக்கும். கியர் எண்ணெய் தண்ணீரில் கரையாது, விரலிடையே கெட்டியாக இழுபடும். எல்லாவற்றுக்கும் மேலாக அதன் நாற்றம். டிஃபரன்சியலின் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி உரசும்போது உலோகம் உலோகத்தைக் கவ்விவிடாமல் இருப்பதற்காகக் கந்தகச் சேர்மங்களை அந்த எண்ணெயில் கலக்கிறார்கள், அதனால் வரும் வீச்சம் அது. துணியில் பட்டால் சலவைத்தூளுக்கும் அசையாது. நான் உடுத்தியிருந்த சட்டையை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது என்று உத்தரவு ஆயிற்று.

பேரிங் ஏன் இப்படிக் கெட்டது என்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் தண்ணீர். 2017 நவம்பரில் பினாங்கைப் புரட்டிப்போட்ட வெள்ளத்தில் இந்தக் கார் அரைச் சக்கரம் மூழ்கி நின்றது என்று முன்பு வைத்திருந்தவர் சொல்லியிருந்தார். ஓடிச் சூடான ஆக்சல் திடீரென்று தண்ணீரில் நின்றால் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, சுவாசத்துளை வழியாகவும் எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையமான சீல் தேய்ந்திருந்தால் அதன் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கியர் எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். வெள்ளம் வடிந்த பிறகு எஞ்சின் எண்ணெயை எல்லோரும் மாற்றுகிறார்கள். டிஃபரன்சியல் எண்ணெயை யாரும் நினைப்பதில்லை. பழைய கார் வாங்குகிறவர்கள் அந்த நிரப்பும் போல்ட்டைக் கழற்றி ஒரு விரல் எண்ணெய் எடுத்துப் பார்ப்பது, பாடியில் துருவைத் தேடுவதற்குச் சமமான சோதனை.

வேலையைத் தொடங்குவதற்கு முன் தரையைப் பற்றி ஒரு வார்த்தை. நம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளின் கார் நிறுத்துமிடத்தில் பளபளப்பான ஓடு பதித்திருப்பார்கள். இரும்பு ஸ்டாண்டின் கால்கள் அதன்மேல் வழுக்கும், ஓடும் விரிசல் விடும். தடித்த ஒட்டுப்பலகைத் துண்டுகளை அடியில் வைத்து, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்த பிறகே ஜாக்கைத் தொட வேண்டும். கைப்பிரேக்கை விடுவித்தால்தான் டிரம் கழலும் என்பதால், முன்சக்கரக் கட்டைகளை மட்டுமே நம்பிக் கார் நிற்கும். ஸ்டாண்டை ஆக்சல் குழாயின் அடியில் வைக்கலாம். வேலை செய்யும் பக்கத்தைச் சற்று உயரமாகத் தூக்கி வைத்தால் கியர் எண்ணெய் மறுபக்கம் ஒதுங்கிக்கொள்ளும். எண்ணெயை முழுதும் வடிக்க நினைத்தால், நிரப்பும் போல்ட் கழல்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகுதான் வடிக்கும் போல்ட்டைத் திறக்க வேண்டும். வடித்த பிறகு நிரப்பும் போல்ட் துருவில் உறைந்து நிற்பதைக் கண்டால், எண்ணெய் இல்லாத காரோடு நடு வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

டிரம்மில் இரண்டு மறைத்துளைகள் இருக்கும். அவற்றில் 8 மில்லிமீட்டர் போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முறுக்கினால் டிரம் தானாக வெளியே தள்ளப்படும், சுத்தியல் தேவைப்படாது. பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால் தூசியை வாயாலோ காற்றுக்குழாயாலோ ஊதக் கூடாது. பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைக்க வேண்டும். ஷாஃப்ட்டின் முகத்தட்டில் ஒரு துளை விட்டிருப்பார்கள். அதன் வழியே சாக்கெட்டை நுழைத்து, தட்டைச் சுழற்றிச் சுழற்றி, பிரேக் பாகங்களைத் தாங்கும் பின்தட்டைப் பிடித்திருக்கும் நான்கு நட்டுகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். பின்தட்டை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு ஷாஃப்ட்டை மட்டும் உருவினால் பிரேக் குழாயைக் கழற்ற வேண்டியதில்லை, பிரேக் குழாயிலிருந்து காற்று எடுக்கும் வேலையும் மிச்சம்.

உருவுவதற்குச் சறுக்குச் சுத்தியல் வேண்டும்: ஒரு கம்பி, அதன்மேல் சறுக்கி ஓடி முனையில் மோதும் ஓர் எடை, அவ்வளவுதான். அது கிடைக்காதவர்கள் டிரம்மையே தலைகீழாக, சக்கர நட்டுகள் ஏறும் ஸ்டடுகளில் மாட்டி, நட்டுகளை நுனியில் தளர்வாகப் பொருத்தி, இரு கைகளாலும் டிரம்மை வெடுக்கென்று தம் பக்கம் இழுப்பார்கள். டிரம் நட்டுகளில் மோதும் அதிர்ச்சியில் ஷாஃப்ட் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். இது பழைய மெக்கானிக்குகளின் கைப்பழக்கம். டிரம் கெட்டியாக இருந்தால் வேலை செய்யும். முகத்தட்டின் பின்புறத்தைச் சுத்தியலால் அடிப்பதும், பின்தட்டில் கடப்பாரையை ஊன்றி நெம்புவதும் கூடாது. முன்னது தட்டைக் கோணலாக்கும், பின்னது பிரேக்கைக் கோணலாக்கும். என் மைத்துனர் முன்னால் அமர்ந்து சக்கரக் கட்டைகளைக் கவனித்துக்கொள்ள, சறுக்குச் சுத்தியலின் சில அடிகளில் பேரிங் இருக்கையை விட்டு அசைந்தது. அதன் பிறகு ஷாஃப்ட் கையோடு வந்துவிட்டது.

வெளியே வந்த ஷாஃப்ட்டை நிதானமாகப் படிக்க வேண்டும். பேரிங்கை மட்டும் மாற்றலாம் என்ற நினைப்பில்தான் நான் தொடங்கினேன், பெரும்பாலோருக்கு அதுவே போதும். ஆனால் இங்கே பேரிங்கின் உள்வளையம் ஷாஃப்ட்டின்மேல் தனியாகச் சுழன்றிருந்தது. துருப்பிடித்த குண்டுகள் அவ்வப்போது சிக்கிக்கொள்ள, உள்வளையம் நின்று ஷாஃப்ட் மட்டும் அதற்குள் திரும்பியிருக்க வேண்டும். தண்டில் பேரிங் உட்காரும் இருக்கை கண்ணாடி போலத் தேய்ந்து, ஓரத்தில் நீலம் பாய்ந்திருந்தது. எஃகு அந்த நிறம் காட்ட வேண்டுமானால் ஏறத்தாழ 300 பாகை செல்சியஸ் சூட்டைக் கண்டிருக்க வேண்டும். பழைய பேரிங்கை எடுத்த பிறகு புதியதை வைத்துப் பார்த்தால், அழுத்தும் எந்திரத்தின் பலத்தில் மட்டுமே ஏற வேண்டிய அந்தப் பேரிங் கட்டைவிரல் தள்ளலுக்கே முழுதும் உள்ளே போய்விட்டது. அதற்கு மேல் மைக்ரோமீட்டர் எதற்கு?

இந்த நிலையில் மூன்று குறுக்குவழிகளைச் சொல்லுவார்கள். தேய்ந்த இடத்தில் பஞ்ச் என்ற கூர்முனைக் கருவியால் குத்திக் குத்திப் புள்ளி எழுப்பினால் பேரிங் இறுகும் என்பது ஒன்று. பசை போட்டு ஒட்டலாம் என்பது இரண்டு. வெல்டிங் வைத்து மேடாக்கிக் கடைசல் பிடிக்கலாம் என்பது மூன்று. புள்ளிகளின் நுனிகள் மட்டுமே பேரிங்கைத் தாங்கும் என்பதால் அவை சில மாதங்களில் மழுங்கிவிடும். பசை தனியாக ஓர் இருக்கைக்கு உதவலாம், ஆனால் பக்கத்திலேயே காலரும் இதே தேய்ந்த தண்டில்தான் உட்கார வேண்டும். வெல்டிங் மூன்றிலும் மோசம். ஆக்சல் ஷாஃப்ட்டின் மேற்பரப்பைச் சூட்டுப் பதத்தால் கடினமாக்கி, உள்ளே சற்று மென்மையாக விட்டிருப்பார்கள். வெல்டிங்கின் சூடு அந்தப் பதத்தைக் கெடுத்து, வெல்டிங் முடியும் ஓரத்தில் விரிசலுக்கு வித்திடும். சுழலும்போதெல்லாம் ஒருமுறை மேலும் ஒருமுறை கீழுமாக வளைந்து நிமிரும் தண்டில் விரிசல் தொடங்கினால் அது நிற்காது. ஷாஃப்ட்டையே மாற்றுவதுதான் வழி.

புதிய ஷாஃப்ட் எளிதில் கிடைக்காது. பாலத்தைக் கடந்து புக்கிட் மெர்தாஜாம், ஜூரு பக்கத்தில், பழைய கார்களை வெட்டிப் பாகங்களாக விற்கும் ஹாஃப்கட் கடைகளில்தான் தேட வேண்டும். தேடப் போகும்போது பழைய ஷாஃப்ட்டையே கையோடு எடுத்துப் போனேன், நீளத்தையும் பல் எண்ணிக்கையையும் தாளில் எழுதிக்கொண்டு போவதைவிட இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது மேல். பல கார்களில் இடது ஷாஃப்ட்டும் வலது ஷாஃப்ட்டும் ஒரே நீளம் அல்ல. ஒரு விரற்கடை குறைந்தாலும் பற்கள் முழுதாகப் பிடிக்காது. கே.இ. 70-க்கு இன்னொரு கவலையும் உண்டு. சறுக்கி ஓட்டும் டிரிஃப்ட் விளையாட்டுக்காக டிஃபரன்சியலையே வெல்டிங் செய்து பூட்டிய கார்கள் இவற்றில் ஏராளம். இரு சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுழன்றே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தப்பட்ட ஷாஃப்ட், திரும்பும் ஒவ்வொரு முறையும் முறுக்கப்பட்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஷாஃப்ட்டின் உள்முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, பல்வரிசையின் பள்ளங்களை நெடுகப் பார்க்க வேண்டும். பள்ளம் நேர்கோடாக ஓடினால் நல்லது. நுனியில் இலேசாகத் திருகியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் சரி. சீல் உரசும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் புதுச் சீலும் ஒழுகும். முகத்தட்டும் தண்டும் சேரும் வளைவில் விரிசல் இருக்கிறதா என்று துடைத்துப் பார்ப்பதும், சமதரையில் உருட்டித் தண்டு குதிக்கிறதா என்று பார்ப்பதும் கடைவாசலிலேயே முடித்துவிட வேண்டிய காரியங்கள்.

வாங்கிய ஷாஃப்ட்டில் அதன் பழைய பேரிங்கும் காலரும் அப்படியே இருந்தன. காலரை இழுத்து எடுக்க முயலக் கூடாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். கண்ணாடி அணிந்துகொண்டு, கிரைண்டரால் காலரின் ஒரு பக்கத்தைத் தண்டைத் தொடாமல் ஒரு தாள் கனம் மிஞ்சும்வரை தேய்த்து, அந்தப் பள்ளத்தில் உளியை நிறுத்தி ஓங்கி ஓர் அடி. மந்தமாக ஒலித்துக்கொண்டிருந்த இரும்பு சட்டென்று கணீரென்று ஒரு சத்தம் போடும். காலர் பிளந்து பிடியை விட்டுவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அதன் பிறகு கையாலேயே நகர்த்தலாம். இந்த இடத்தோடு வீட்டு வேலை நிற்கிறது.

பேரிங்கையும் புதுக் காலரையும் ஏற்ற பாகான் டாலாமில் ஒரு கடைசல் பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த அண்ணன் ஷாஃப்ட்டைக் கையில் வாங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, காலர் புதுசா, பழசா?" என்பதுதான். புதிது என்று எடுத்துக் காட்டிய பிறகு, "பழைய காலரைத் தூக்கிக்கிட்டு வர்றவங்களைத் திருப்பி அனுப்பிடுவேன். நாளைக்குச் சக்கரம் தனியா ஓடினா என் பேரைத்தானே சொல்வாங்க?" என்றார். அவர் பட்டறையை நான் நம்பியதற்கு அந்தக் கேள்வியே போதுமான காரணமாக இருந்தது.

ஏற்றும் வரிசை முக்கியமானது. பேரிங்கை வெளிப்புறத்திலிருந்து பிடிக்கும் தகடு முதலில் தண்டில் நுழைய வேண்டும். அடுத்து பேரிங், கடைசியில் காலர். தகட்டை மறந்து பேரிங்கை ஏற்றிவிட்டால் அதை மறுபடி உருவ வேண்டும். காலரும் ஏறிவிட்டதென்றால் புதுக் காலரை வெட்டி எறிய வேண்டும். அதனால் அந்த அண்ணன் சாமான்களைத் தொடுவதற்கு முன்பே எல்லாவற்றையும் ஏறும் வரிசையில் மேசையில் அடுக்கினார். பேரிங்கை அழுத்தும்போது குழாய் அதன் உள்வளையத்தில் மட்டுமே உட்கார வேண்டும். வெளிவளையத்தில் அழுத்தினால் அவ்வளவு பலமும் குண்டுகளின் வழியாகப் போய், அவை ஓடும் தடத்தில் கண்ணுக்குத் தெரியாத குழிகளை விழவைக்கும். புதுப் பேரிங் முதல் நாளிலேயே ரீங்கரிக்கத் தொடங்கும். வீட்டில் சுத்தியலால் அடித்து ஏற்றுகிறவர்களின் பேரிங் சீக்கிரம் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

காலரை ஏறத்தாழ 150 பாகைக்கு எண்ணெயில் சூடாக்கி ஏற்றச் சொல்கிறது டொயோட்டாவின் பழுதுபார்ப்புக் கையேடு. கணக்கு எளியது: 30 மில்லிமீட்டர் துளையுள்ள எஃகு வளையம் 120 பாகை கூடுதலாகச் சூடானால் துளை ஏறத்தாழ 0.04 மில்லிமீட்டர் விரியும். கேட்பதற்கு ஒன்றுமில்லாதது போலத் தோன்றும் அந்த அளவுதான் ஏறுவதற்கும் ஏறாமல் பாதியில் நின்றுவிடுவதற்கும் உள்ள வித்தியாசம். பேரிங்கை அப்படிச் சூடாக்கக் கூடாது, 125 பாகையைத் தாண்டினால் அதன் எஃகின் பதமும் கிரீசும் கெடும். ஆகவே அது குளிர்ந்த நிலையிலேயே அழுத்தப்படுகிறது. காலரை எரிவாயுத் தீயில் சிவக்கக் காய்ச்சுவதும் தவறு, இறுகிப் பிடிக்க வேண்டிய வளையம் மிருதுவாகிவிடும். பேரிங் ஏறும்போது எந்திரத்தின் அளவுமானி முள் சீராக மேலே போவதைக் காட்டி, "இந்த முள்ளு சோம்பேறியா கிடந்தா ஷாஃப்ட்டை வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுத்துடணும்" என்றார். சூடான காலர் பேரிங்கைத் தொட்ட பிறகும் அவர் எந்திரத்தைத் தளர்த்தவில்லை. குளிரும்போது காலர் அகலத்திலும் சிறிது சுருங்கும் என்பதால், அது இறுகிப் பிடிக்கும்வரை அழுத்தி வைத்திருக்காவிட்டால் பேரிங்குக்கும் அதற்கும் நடுவே ஓர் இடைவெளி விழுந்துவிடும்.

வீடு திரும்பிய பிறகு மிச்சம் இருந்தது நிதானம் கேட்கும் வேலை. பழைய ஆயில் சீலைக் கொக்கியால் எடுத்து, இருக்கையைத் துடைத்து, புதுச் சீலின் உதட்டில் கிரீஸ் தடவி, அதன் வெளிவிட்டத்துக்குப் பொருந்தும் குழாய்த்துண்டை வைத்துச் சமமாகத் தட்டி இறக்கினேன். ஷாஃப்ட்டை நுழைக்கும்போது கூரிய பற்கள் சீலின் உதட்டின்மேல் உரசினால் வாங்கிய புதுச் சீல் அந்த நொடியிலேயே வீண். இடக்கையால் தண்டின் நடுவைத் தாங்கித் தூக்கியபடியே நடுக்கோட்டில் உள்ளே கொண்டுபோக வேண்டும். தண்டின் எடை நினைப்பதைவிட அதிகம். உள்முனை டிஃபரன்சியலின் பல்சக்கரத்தில் முட்டி நிற்கும்போது அடிக்காமல், முகத்தட்டை இம்மி இம்மியாகத் திருப்பினால், ஏதோ ஓரிடத்தில் பல்லும் பல்லும் சேர்ந்து ஷாஃப்ட் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். அதன் பிறகு நான்கு நட்டுகளையும் எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்கினால் பேரிங் நேராக இருக்கையில் போய் உட்காரும்.

எண்ணெய் குடித்த பிரேக் ஷூக்களைப் பெட்ரோலில் கழுவியோ தீயில் காட்டியோ மறுபடி மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மேலே காய்ந்தாலும் உள்ளே ஊறிய எண்ணெய் டிரம் சூடானதும் வெளியே வரும்; பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் புது ஷூக்களை மாற்றி, கைப்பிரேக்கைச் சரிசெய்தேன். டிஃபரன்சியலுக்கு ஜி.எல். 5 தரத்து 90 எண் கியர் எண்ணெய். சுமார் ஒரு லிட்டர் பிடிக்கும், கார் சமதரையில் நிற்கும்போது நிரப்பும் துளையின் விளிம்பில் வழியத் தொடங்கினால் போதும். வடித்த பழைய எண்ணெய் மலேசியச் சட்டப்படி எஸ்.டபிள்யூ. 305 என்ற வகைக் கழிவு. சாக்கடையில் ஊற்றாமல், பழைய எண்ணெய்க்குப் பீப்பாய் வைத்திருக்கும் பட்டறையில் கொடுத்துவிடலாம், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

சக்கர நட்டுகளைச் சுமார் 100 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கி, பிரேக்கை அதிகம் தொடாமல் சிறிது தூரம் ஓட்டிவிட்டு, இரு பின்சக்கர டிரம்களின் அருகிலும் கையை நீட்டிப் பார்த்தேன். இரண்டும் ஒரே அளவு வெதுவெதுப்பாக இருந்தன. பாலத்தில் ரீங்காரம் இல்லை, காற்றின் இரைச்சலும் எஞ்சினும் மட்டும் கேட்டன. சில நாள் ஓட்டிய பிறகு நட்டுகளை மறுபடி சோதித்து, பின்தட்டின் அடியில் ஈரம் இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்த்தேன், காய்ந்திருந்தது. வலப்பக்கச் சக்கரத்தில் ஆட்டம் இல்லை என்றாலும் அந்தப் பேரிங்கும் அதே வெள்ளத்தில் நின்றதுதான். அதற்கான பேரிங், சீல், காலர் மூன்றையும் வாங்கி வைத்துவிட்டேன், ஆண்டிறுதி மழைக்கு முன் அந்தப் பக்கத்தையும் திறக்க வேண்டும்.